பதினாயிரத்தில் ஒரு குழந்தை

குழந்தையின் உடலிலே தாயின் கை அறியாத இடம் இல்லை. நாள்தோறும் குளிப்பாட்டி, ஈரந்துடைத்து, உடுப்பு அணிவிக்கும் அக்கைக்கு, குழந்தையின் விலா எங்கே முடிகின்றது, வயிறு எவ்வளவு மென்மையானது என்பதெல்லாம் கேளாமலே தெரியும். அவ்வாறு குளிப்பாட்டும் ஒருநாளிலே, விலாவெலும்புக்குக் கீழே ஒரு பக்கத்தில், முன்பு இல்லாத ஒரு தடிப்பு கையில் தட்டுப்படுகின்றது. குழந்தைக்கு நோவில்லை. அது நீரை அடித்து விளையாடுகின்றது, வழமைபோல் உண்ணுகின்றது, உறங்குகின்றது. வயிற்றுப் பூச்சியாக இருக்கலாம் என்கின்றார் ஆச்சி. மலச்சிக்கலாக இருக்கலாம் என்கின்றார் அயலவர். பெரும்பாலும் அவர்கள் கூறுவதே சரியாகவும் இருக்கும். ஆனால் மிகச் சில வேளைகளிலே அத்தடிப்பு சிறுநீரகத்தில் வளரும் ஒரு புற்றுநோய்க் கட்டியாக அமைந்துவிடுகின்றது.

அந்த 'மிகச் சில வேளை' என்பது எவ்வளவு? தாய் ஒருத்தி அஞ்ச வேண்டிய அளவு யாது? அஞ்சாதிருக்கக்கூடிய அளவு யாது? இவ்வினாக்களுக்கு விடை கூறக்கூடிய எண்கள் இன்று மருத்துவ உலகின் கையில் உள்ளன. அவ்வெண்களைச் சேர்த்த கதையும், அந்நோயை வென்ற கதையும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

குழந்தைகளின் சிறுநீரகத்தில் உண்டாகும் புற்றுநோய்க் கட்டிகளுள் 10 இல் 9 ஒரே வகையைச் சேர்ந்தவை. அவ்வகைக்கு 'வில்ம்ஸ் கட்டி' என்று பெயர். மக்ஸ் வில்ம்ஸ் என்பவர் ஜேர்மனிய சத்திரவைத்தியர். அவர் 1899 ஆம் ஆண்டிலே சிறுநீரகக் கலப்புக் கட்டிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தசையும் நாரும் சிறுநீரகக் குழாயும் ஒன்றாய்க் கலந்து காணப்படும் இக்கட்டிகள் வெவ்வேறு நோய்களல்ல, கருவிலே உறுப்புகள் உருவாகும் காலத்து இழையத்திலிருந்து தோன்றும் ஒரே நோயே என அவர் விளக்கினார். அவருக்கு முன்னரும் பலர் இக்கட்டியைக் கண்டிருந்தனர். 18 ஆம் நூற்றாண்டிலே ஜோன் ஹன்ரர் என்னும் புகழ்பெற்ற சத்திரவைத்தியர், இரண்டு சிறுநீரகங்களிலும் கட்டி கொண்ட ஒரு சிசுவின் உறுப்புகளைப் பதப்படுத்தி வைத்தார். அவை லண்டனிலே அவர் பெயரால் அமைந்த காட்சிச்சாலையைச் சேர்ந்தவை. எனினும் நோயின் மூலத்தை ஆராய்ந்து கூறியவரின் பெயரே நோய்க்கு நிலைத்தது. வில்ம்ஸ் 1918 இல், தமது 50 ஆம் வயதில், போர்க்கைதியாக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரருக்குத் தொண்டைக்கரப்பான் நோய்க்குச் சிகிச்சை செய்தபோது அந்நோய் தம்மையும் தொற்ற உயிர்நீத்தார்.

இனி எண்ணுக்கு வருவோம். பிறக்கும் குழந்தைகளுள் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர், பதினைந்து வயதாவதற்குள், வில்ம்ஸ் கட்டியால் பாதிக்கப்படுகின்றனர். ஆண்டொன்றுக்கு 2,50,000 குழந்தைகள் பிறக்கும் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டால், அவ்வாண்டிற் பிறந்தவர்களுள் 25 பேரளவில் இந்நோய்க்கு ஆளாவர். எஞ்சிய 2,49,975 பேரை இது தீண்டாது. முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஐக்கிய அமெரிக்காவிலேயே ஆண்டுக்கு ஐந்நூறு அறுநூறு குழந்தைகளே புதிதாக இந்நோயுடன் இனங்காணப்படுகின்றனர். குழந்தைகளுக்கு வரும் எல்லாப் புற்றுநோய்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ 20 இல் ஒன்று இதுவாகும். இந்த அளவு உலகெங்கும் ஒரே சீராகவும் இல்லை. ஆபிரிக்க வழியினரிடையே இது சற்று அதிகம். கிழக்காசிய மக்களிடையே ஏறக்குறைய அதன் பாதியே காணப்படுகின்றது.

ஆயினும் 10,000 இல் ஒன்று என்னும் எண் முழுக்கதையையும் கூறிவிடாது. குழந்தையின் வயது என்ன என்று கேட்ட பின்னரே அவ்வெண்ணின் பொருள் தெளிவாகும். வில்ம்ஸ் கட்டி பெரும்பாலும் மூன்று, நான்கு வயதை அண்டியே வெளிப்படுகின்றது. நோயுற்றோரில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டோர். பிறந்து சில கிழமைகளேயான சிசுவின் வயிற்றில் ஒரு வீக்கம் இருக்குமாயின், அது சிறுநீர் வடியாது தேங்குவதனாலோ, நீர்ப்பைகள் நிறைந்த சிறுநீரகத்தினாலோ உண்டானதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இவை புற்றுநோய் அல்ல. திண்மையான கட்டியாகவே இருந்தாலும், முதல் மூன்று மாதங்களில் அது பிறப்போடு வரும் வேறொரு வகைக் கட்டியாகவே பெரிதும் இருக்கும். அதனை 1967 இல் பொலாண்டே என்னும் அமெரிக்க நோயியல் அறிஞரும் அவருடைய துணைவரும் தனி நோயென வேறுபடுத்திக் காட்டினர். பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தை அகற்றிவிட்டால் அக்கட்டி பெரும்பாலும் முற்றாக நீங்கிவிடும். அதனை வில்ம்ஸ் கட்டியென்றே எண்ணிய காலத்தில், பச்சிளஞ் சிசுக்கள் தேவையற்ற கதிர்வீச்சுக்கும் கடுமையான மருந்துக்கும் ஆளாயின. ஒரு நோயைச் சரியாகப் பெயரிட்டு எண்ணுவதும் ஒரு சிகிச்சையே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

முதியோரைப் பற்றும் புற்றுநோய் பால்குடி மறவாத குழந்தையை ஏன் பற்ற வேண்டும்? இதற்கு விடை கருவறையிலே உள்ளது. தாயின் வயிற்றில் சிசு வளருகையில், முதிராத இழையம் சிறிது சிறிதாகச் சிறுநீரகத்தின் வடிகுழாய்களாக மாறுகின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் வடிகுழாய்த் தொகுதிகள் இவ்வாறு உருவாகின்றன. கருவின் 36 ஆம் கிழமை அளவில் இவ்வேலை முடிந்துவிடும். முதிராத இழையமும் மறைந்துவிடும். வீடு கட்டி முடிந்ததும் சாரம் கழற்றப்படுவது போன்றது இது. சில குழந்தைகளில் மட்டும் அச்சாரத்தின் ஒரு சிறு துண்டு கழற்றப்படாமல் எஞ்சிவிடுகின்றது. பிற காரணங்களால் இறந்த சிசுக்களின் சிறுநீரகங்களை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்தபோது, 100 இல் ஒன்றில் இத்தகைய எச்சங்கள் காணப்பட்டன. நோயோ 10,000 இல் ஒருவருக்கே வருகின்றது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும்: எச்சம் கொண்ட குழந்தைகள் 100 பேரில் 99 பேருக்கு அது தானாகவே அடங்கி மறைந்துவிடுகின்றது. எஞ்சும் ஒருவரில் மட்டுமே, கலத்தினுள் மேலும் ஏதோ ஒரு தடுமாற்றம் நிகழ்ந்து, கட்டுக்கடங்காத வளர்ச்சி தொடங்குகின்றது.

அத்தடுமாற்றங்களுள் ஒன்றின் இருப்பிடம் பின்னர் தெரியவந்தது. அதற்கு வழிகாட்டியது, முற்றிலும் வேறான உறுப்பாகிய கண். 1964 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வில்ம்ஸ் கட்டி கொண்ட 440 குழந்தைகளின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அவர்களுள் ஆறு பேர் கண்ணின் நிறவளையம் இல்லாமற் பிறந்தவர்கள் எனக் கண்டனர். நிறவளையம் இன்மை பல்லாயிரம் பேரில் ஒருவருக்கே அமையும் குறை. அவ்வளவு அரிய இரண்டு நோய்கள் ஆறு குழந்தைகளில் ஒன்றாய்ச் சேர்வது தற்செயலாக இருக்க முடியாது. அத்தடத்தைப் பின்பற்றிச் சென்றவர்கள், 1990 இல், 11 ஆம் நிறமூர்த்தத்திலே சிறுநீரக வளர்ச்சியை நெறிப்படுத்தும் ஒரு பரம்பரையலகைக் கண்டறிந்தனர். இன்று நிறவளையம் இன்றிப் பிறக்கும் குழந்தைகளையும், உடலின் ஒரு பக்கம் மறுபக்கத்திலும் பெரிதாக வளரும் குழந்தைகளையும் வைத்தியர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏழெட்டு வயது வரையில், ஒலியலைக் கருவியினால் வயிற்றைச் சோதித்து வருகின்றனர்.

இங்கே பெற்றோருக்கு ஆறுதல் தரும் ஓர் உண்மையையும் கூறவேண்டும். நோயுற்ற குழந்தைகளிற் பெரும்பாலோர் இத்தகைய எவ்விதக் குறையுமின்றிப் பிறந்தவர்களே. குடும்பத்தில் மற்றொருவருக்கும் இந்நோய் இருப்பது 100 இல் ஒன்றிரண்டு வேளைகளில் மட்டுமே. கருவுற்ற காலத்தில் தாய் உண்ட ஓர் உணவினாலோ, கண்ட ஒரு காட்சியினாலோ, செய்த ஒரு வேலையினாலோ இது வந்ததென்று பழி கூறுவதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. இது தொற்றுநோயுமன்று.

இந்நோயை எதிர்த்த போராட்டம் கத்தியோடு தொடங்கியது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே 1877 இல் ஜெசொப் என்னும் சத்திரவைத்தியர், இரண்டு வயதுக் குழந்தையொன்றின் நோயுற்ற சிறுநீரகத்தை அகற்றினார். குழந்தை சத்திரசிகிச்சையைத் தாங்கிப் பிழைத்தது. மனிதனுக்கு ஒரு சிறுநீரகம் போதுமானது என்பதனால் இச்சிகிச்சை இயல்வதாயிற்று. ஆயினும் அக்காலத்திலே கத்தியால் மட்டும் காப்பாற்றப்பட்டவர்கள் மிகச் சிலரே. கட்டி சிறுநீரகத்தோடு நிற்பதில்லை. குருதியின் வழியே சுவாசப்பையை அடைந்துவிடும். சத்திரசிகிச்சையின் பின் கதிர்வீச்சையும் சேர்த்தபோது நிலைமை மாறத்தொடங்கியது. 1950 ஆம் ஆண்டளவிலே பொஸ்ரன் நகரில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் உயிர் தப்பினர்.

மற்றப் பாதியை மீட்பதற்கு மருந்து வந்தது. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட அக்ரினோமைசின் என்னும் மருந்தை, அதே பொஸ்ரனிலே சிட்னி பாபர் என்னும் வைத்தியர் 1950 களில் இக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சுவாசப்பைக்குப் பரவிய கட்டிகளும் அதற்கு இளகிக் கரைந்தன. அடுத்த பத்தாண்டிலே இரண்டாவது மருந்தாகிய வின்கிறிஸ்ரின் வந்து சேர்ந்தது. அது மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட ஒரு சிறு செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. அச்செடி தமிழ் மக்களுக்கு அந்நியமானதன்று. வேலியோரங்களிலும் கோயில் வீதிகளிலும் வெள்ளையாகவும் ஊதாவாகவும் ஆண்டு முழுவதும் மலர்ந்து நிற்கும் பட்டிப்பூவே, நித்திய கல்யாணி என வழங்கும் அப்பூவே, அது. ஆனால் அச்செடியில் மருந்து மிகமிகச் சிறிய அளவிலேயே உண்டு. செடியோ நச்சுத்தன்மை உடையது. ஆய்வுகூடத்தில் பிரித்துத் தூய்மையாக்கி, நிறையறிந்து, ஊசிமூலம் ஏற்றும்போதுதான் அது மருந்தாகும். வீட்டில் அவித்துக் கொடுப்பது பேராபத்து.

மருந்துகள் கிடைத்தன, ஆயினும் எதனை, எவ்வளவு காலம், எக்குழந்தைக்குக் கொடுப்பது? இங்கேதான் நோயின் அருமையே பெருந்தடையாய் நின்றது. ஒரு வைத்தியசாலைக்கு ஆண்டுக்கு நான்கைந்து நோயாளிகளே வருவாராயின், இரண்டு சிகிச்சைகளுள் எது சிறந்ததென ஒப்பிட்டு அறிவதற்கு ஒரு வைத்தியரின் வாழ்நாளே போதாது. தனித்தனியே நின்றால் ஒவ்வொருவரும் தத்தம் அனுபவத்தையே உண்மையெனக் கொள்வர். ஆகவே 1969 இல் வட அமெரிக்க வைத்தியசாலைகள் பல ஒன்றுகூடி, தமது நோயாளிகள் எல்லாரையும் ஒரே கணக்கிற் சேர்த்து ஆராயும் ஒரு கூட்டாய்வைத் தொடங்கின. ஐரோப்பிய வைத்தியர்கள் 1971 இல் தமது கூட்டாய்வைத் தொடங்கினர். சிதறிக் கிடந்த சிறு எண்கள் ஒன்றுசேர்ந்து பேரெண்ணாயின.

அக்கணக்கு கற்பித்த பாடங்கள் பல. இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதினும் சிறந்தது என்பது தெளிவாயிற்று. கட்டி சிறுநீரகத்தைக் கடவாத இளங்குழந்தைகளுக்கு, மருந்து கொடுத்தால், கதிர்வீச்சு வேண்டுவதில்லை எனவும் தெரியவந்தது. வளரும் எலும்பையும் இதயத்தையும் பாதிக்கக்கூடிய கதிர்வீச்சிலிருந்து எண்ணற்ற குழந்தைகள் இதனால் விடுபட்டனர். சிகிச்சையைக் கூட்டுவதற்கு மட்டுமன்றி, குறைப்பதற்கும் கணக்கு வேண்டும். அமெரிக்க வைத்தியர்கள் முதலில் கட்டியை அகற்றிப் பின் மருந்து கொடுப்பர். ஐரோப்பியர் சில கிழமைகள் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின் அகற்றுவர். இரு வழிகளும் ஏறக்குறைய ஒரே பலனையே அளித்து வருகின்றன.

மற்றொரு பாடம் கசப்பானது. ஒன்றுசேர்த்த கட்டிகளை நுணுக்குக்காட்டியின்கீழ் வரிசைப்படுத்தியபோது, வில்ம்ஸ் கட்டியெனக் கருதப்பட்ட சில அந்நோயே அல்ல என்பதை நோயியல் அறிஞர் பெக்வித்தும் பாமரும் 1978 இல் எடுத்துக் காட்டினர். அவற்றுள் ஒன்று எலும்புக்குப் பரவும் இயல்புடையது. அதற்கேற்ற மற்றொரு மருந்தைச் சேர்த்ததும் அந்நோயாளிகளிற் பலர் பிழைக்கலாயினர். மற்றொன்று ரப்டொயிட் கட்டி. குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிகளுள் இது 50 இல் ஒன்றே. பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்காகும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்டோரையே இது தாக்குகின்றது. அரியவற்றுள் அரியதாகிய இதனிடமிருந்து பெரும்பாலான குழந்தைகளை மருத்துவம் இன்னும் மீட்கவில்லை.

எனினும் வில்ம்ஸ் கட்டியைப் பொறுத்தவரையில் வெற்றி பெரிது. வசதி படைத்த நாடுகளிலே இன்று 10 குழந்தைகளில் 9 பேர் குணமடைகின்றனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஏறக்குறைய மரண தண்டனையாயிருந்த நோய் இது. ஆனால் அவ்வெற்றி எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் ஒரே வகையிற் கிட்டவில்லை. மருந்து ஒன்றே, நோயும் ஒன்றே. வறிய நாடுகளில் கட்டி பெரிதாகிப் பரவிய பின்னரே குழந்தை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகின்றது. தூரமும் செலவும் தாங்காமல் சிகிச்சை இடையில் நிறுத்தப்படுகின்றது. உலக சுகாதார நிறுவனம் 2018 இல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய்த் திட்டம், முதலிற் கவனிக்கவேண்டிய ஆறு நோய்களுள் ஒன்றாக வில்ம்ஸ் கட்டியைத் தெரிந்தெடுத்துள்ளது. 2030 ஆம் ஆண்டுக்குள் உலகெங்குமுள்ள புற்றுநோய்க் குழந்தைகளில் 100 இல் 60 பேராவது பிழைக்கவேண்டும் என்பதே அத்திட்டத்தின் இலக்கு.

ஆகவே வீட்டிலுள்ளோர் அறியவேண்டியது யாது? வயிற்றின் ஒரு பக்கத்தில் நோவற்ற வீக்கம், சிறுநீரில் குருதி, காரணம் தெரியாது நீடிக்கும் காய்ச்சல் அல்லது வயிற்றுவலி - இவற்றுள் ஒன்று காணப்பட்டால் குழந்தையை வைத்தியரிடம் காட்டவேண்டும். குழந்தை நலமாகத் தோன்றுகின்றது என்பதனால் நாளைக் கடத்தலாகாது. இந்நோயிலே குழந்தை பெரும்பாலும் நலமாகவே தோன்றும். கட்டி எனச் சந்தேகம் எழுந்தபின், வந்தவர் போனவரெல்லாம் வயிற்றை அமுக்கிப் பார்க்க விடக்கூடாது. எண்ணெய் தேய்த்து உருவுவதும் கூடாது. மெல்லிய உறையினுள் இருக்கும் கட்டி உடைந்து வயிற்றினுள் சிந்துமாயின், தவிர்த்திருக்கக்கூடிய கதிர்வீச்சும் மேலதிக மருந்தும் தேவையாகிவிடும். ஒலியலைக் கருவியாற் செய்யும் சோதனைக்கு நோவில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அச்சோதனை செய்யப்பட்ட குழந்தைகளில் மிகப் பலரின் பெற்றோர் 'ஒன்றுமில்லை' என்ற சொல்லைக் கேட்டு வீடு திரும்புவர். வீண் அலைச்சலென்று அவர்கள் வருந்த வேண்டியதில்லை. 10,000 இல் ஒன்று என்பது 9,999 தாய்மாருக்கு ஆறுதல் தரும் எண். எஞ்சிய ஒருத்திக்கோ அவளுடைய குழந்தையே முழு எண். அவளும் முதலில், மற்றவர்களைப் போலவே, குளிப்பாட்டும்போது கையில் தட்டுப்பட்ட ஒரு தடிப்பை ஐயுற்றவளே. அந்த ஐயத்தை அடக்கிக்கொள்ளாமல் அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாளாயின், அக்குழந்தை வளர்ந்து ஆளாவதற்கு எல்லா வாய்ப்பும் இன்று உண்டு.